தமிழ் வழியே ஜப்பானிய மொழி: தனியே கற்பவரின் படிப்புப் பழக்கங்கள் பற்றி ஓர் ஆய்வு

ஜப்பானிய மொழியைத் தானே கற்றுக்கொள்ளலாம் என்று இறங்குகிறவர் முதல் வாரத்திலேயே 2,200 என்ற எண்ணை எங்காவது பார்த்துவிடுவார். அமெரிக்க வெளியுறவுத் துறை தன் அலுவலர்களுக்கு அயல்மொழி கற்பிக்க நடத்தும் பயிற்சி நிலையத்தின் கணக்கு அது. ஸ்பானிஷ் போன்ற மொழிக்கு 600 முதல் 750 மணி நேர வகுப்பு போதும். ஜப்பானியம், சீனம், கொரியம், அரபு ஆகியவற்றுக்கு 88 வாரம், 2,200 மணி நேரம். வேலைக்கும் போய்க்கொண்டு, நாளுக்கு ஒரு மணி நேரம் ஒதுக்கிப் படிக்க நினைப்பவருக்கு இது ஆறு வருடக் கணக்கு. பலர் அங்கேயே புத்தகத்தை மூடிவிடுகிறார்கள்.

மூடுவதற்கு முன், இது யாருக்குப் போட்ட கணக்கு என்று பார்க்க வேண்டும். ஆங்கிலத்தைத் தாய்மொழியாகக் கொண்டவர்களுக்குப் போட்டது அது. வினைச்சொல் கடைசியில் வருவதும், வேற்றுமை உருபு பெயருக்குப் பின்னால் ஒட்டுவதும், எழுவாயைச் சொல்லாமலே பேச்சு ஓடுவதும் அவர்களுக்குப் புதியவை. நமக்கு அவை பிறந்தது முதல் பழகியவை. கொரியர்களுக்கு ஜப்பானிய இலக்கணம் எளிதாக வருவதும், சீனர்களுக்கு எழுத்து எளிதாக வருவதும் ஆசிரியர்கள் எல்லோரும் அறிந்தது. தமிழருக்கு எது எளிது, எது கடினம் என்று கேட்டுப் பார்ப்பவர்கள்தான் குறைவு. கடையிலும் இணையத்திலும் கிடைக்கும் வழிகாட்டிகள் பெரும்பாலும் ஆங்கிலம் பேசுகிறவரின் தடுமாற்றங்களை வைத்து எழுதப்பட்டவை. அவற்றை அப்படியே பின்பற்றும் தமிழர், தனக்கு ஏற்கெனவே தெரிந்ததில் மாதக்கணக்காக உட்கார்ந்துவிட்டு, தெரியாததை அவசரமாகக் கடந்துபோகிறார். நேரத்தைத் தமக்கேற்றபடி பங்கிடுவதே தனியே கற்பவரின் தலையாய பழக்கம் என்பது என் கருத்து. மற்ற உத்திகளெல்லாம் அதற்குப் பின்னால்தான்.

இந்தக் கேள்வி இப்போது முன்னைவிட முக்கியம். ஒரகடம், ஸ்ரீபெரும்புதூர் பக்கம் ஜப்பானிய நிறுவனங்கள் வேரூன்றிவிட்டன. 2019 ஏப்ரலில் ஜப்பான் கொண்டுவந்த குறிப்பிட்ட திறன் தொழிலாளர் விசாவுக்கு அடிப்படை மொழித் தேர்ச்சி வேண்டும், ஜே.எல்.பி.டி. என்ற ஜப்பானிய மொழித் திறன் தேர்வின் என்4 நிலை அதற்கு ஒரு வழி. ஆகவே கற்பவர்களில் அனிமே ரசிகர்களோடு, செவிலியரும் மெக்கானிக்குகளும் மென்பொருள் ஊழியர்களும் சேர்ந்துவிட்டார்கள். எல்லோருக்கும் பக்கத்தில் வகுப்பு இல்லை. கம்பத்திலோ அறந்தாங்கியிலோ இருப்பவருக்குச் சொந்தப் படிப்பைத் தவிர வேறு வழி கிடையாது.

இலக்கணத்திலிருந்து தொடங்குகிறேன், ஏனென்றால் நம்முடைய முதல் இங்குதான் இருக்கிறது. “நான் நேற்று மதுரையில் நண்பரோடு காபி குடித்தேன்” என்ற வாக்கியத்தை எடுத்துக்கொள்ளுங்கள். ஜப்பானியத்தில் “வதஷி வா, கினோ, மதுரை தெ, தொமொதாச்சி தொ, கோஹீ ஒ, நொன்தா.” சொல்லுக்குச் சொல், உருபுக்கு உருபு அதே வரிசை. ‘தெ’ இருக்கும் இடத்தில் நம் ‘இல்’, ‘தொ’ இருக்கும் இடத்தில் ‘ஓடு’, ‘ஒ’ இருக்கும் இடத்தில், இந்த வாக்கியத்தில் மறைந்து நிற்கும் ‘ஐ’. ‘மொ’ என்ற ஒட்டு நம் ‘உம்’ செய்கிற வேலைகளில் பலவற்றைச் செய்கிறது. ‘வதஷி மொ’ என்றால் நானும். ‘யார்’ என்பதற்கான ‘தரெ’யோடு ‘மொ’ சேர்ந்து எதிர்மறை வினை வந்தால் ‘யாரும் வரவில்லை’ என்பதில் வரும் ‘யாரும்’. அதே ‘தரெ’யோடு ‘கா’ சேர்ந்தால் ‘யாரோ’. ஆங்கில வழிப் பாடநூல் இதை விளக்கப் பல பக்கம் எடுத்துக்கொள்ளும். தமிழருக்கு இரண்டு வரி போதும்.

வினையெச்சம் இதைவிடப் பெரிய வரவு. ஜப்பானியப் பாடநூல்கள் ‘தெ வடிவம்’ என்று சொல்வது கிட்டத்தட்ட நம்முடைய ‘செய்து’ என்னும் வாய்பாட்டு எச்சம்தான். அதன்மேல் துணைவினை ஏறும் விதத்தைப் பாருங்கள். ‘மிரு’ என்றால் பார்த்தல். ‘ஷிதெ மிரு’ என்றால் செய்து பார். ‘ஒகு’ என்றால் வைத்தல்; ‘கைதெ ஒகு’ என்றால் எழுதி வை. ‘குரு’ என்றால் வருதல். ‘மொத்தெ குரு’ என்றால் எடுத்து வா. ‘வசுரெதெ ஷிமத்தா’ என்பது ‘மறந்துவிட்டது’ என்பதில் வரும் அதே அங்கலாய்ப்பைச் சுமக்கிறது. ஆங்கிலேயருக்கு இவை ஒவ்வொன்றும் தனித்தனிச் சூத்திரம். தமிழருக்கோ, ‘பார்’ என்ற வினை ‘செய்து பார்’ என்பதில் முயற்சிப் பொருளுக்கு மாறுவது எப்படி என்று யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. ‘நான் நேற்று வாங்கிய புத்தகம்’ என்று பெயரெச்சத்தைப் பெயருக்கு முன்னால் வைப்பதும், ‘என்று சொன்னார்’ என மேற்கோளை முடிப்பதும் இரண்டு மொழிகளிலும் ஒரே கட்டமைப்பு.

சுட்டுச்சொற்களில் ஈழத்தவருக்கு இன்னும் ஒரு படி கூடுதல் வசதி. ஜப்பானியத்தில் ‘கொரெ’ பேசுபவருக்கு அருகில் இருப்பது, ‘சொரெ’ கேட்பவருக்கு அருகில் இருப்பது, ‘அரெ’ இருவருக்கும் தொலைவில் இருப்பது. தமிழகத்துப் பேச்சில் ‘இது’, ‘அது’ இரண்டே எஞ்சியிருக்கின்றன. யாழ்ப்பாணத்தில் ‘உது’ இன்னும் உயிரோடு இருப்பதால், அங்கிருந்து வரும் மாணவருக்கு ‘சொரெ’ ஒரு புதிராகவே இராது. கொடுக்கல் வாங்கலிலும் இப்படி ஒன்று உண்டு. எனக்குக் கொடுத்தால் ‘குரெரு’, பிறருக்குக் கொடுத்தால் ‘அகெரு’ என்ற வேறுபாடு கற்பவர்களை நீண்டகாலம் படுத்தும். தரும் வினை தன்மைக்கும் முன்னிலைக்கும் உரியது, கொடுக்கும் வினை படர்க்கைக்கு உரியது என்று தொல்காப்பியம் வகுத்துவைத்திருக்கிறது. மலையாளத்தில் அந்த வேறுபாடு இன்றும் வழக்கில் இருக்கிறது. பழந்தமிழில் கொஞ்சம் பழக்கம் உள்ளவர் இதை ஒரு மாலையில் பிடித்துக்கொள்வார்.

இந்த ஒற்றுமைகளைப் பார்த்துத்தான் கக்குஷுயின் பல்கலைக்கழகப் பேராசிரியர் சுசுமு ஓனோ, ஜப்பானியத்துக்குத் தமிழோடு உறவு உண்டு என்ற கோட்பாட்டை 1980-களிலிருந்து முன்வைத்தார். யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த அ. சண்முகதாஸ், மனோன்மணி சண்முகதாஸ் ஆகியோர் அவரோடு இணைந்து உழைத்தார்கள். 2008-இல் மறையும்வரை ஓனோ அந்த வாதத்தை விடவில்லை. மொழியியலாளர்களில் பெரும்பாலோர் அதை ஏற்கவில்லை. சொல் ஒப்பீடுகள் உறவை நிறுவப் போதவில்லை, இத்தகைய வாக்கிய அமைப்பு கொரியம், துருக்கியம் உள்ளிட்ட பல மொழிகளுக்குப் பொது என்பது அவர்கள் தரப்பு. அதுவே வலுவான தரப்பு என்றும் நினைக்கிறேன். ஆனால் கற்பவருக்கு உறவு நிரூபணமாக வேண்டிய அவசியமில்லை. அமைப்பு ஒத்திருந்தால் போதும், அதைக் கைப்பிடியாக்கிக்கொள்ளலாம்.

கைப்பிடி வழுக்கும் இடங்களும் உண்டு. ‘வீட்டில் இருக்கிறேன்’, ‘வீட்டில் சாப்பிடுகிறேன்’ இரண்டுக்கும் நமக்கு ஒரே ‘இல்’. ஜப்பானியத்தில் இருப்புக்கு ‘நி’, செயலுக்கு ‘தெ’. தமிழ் மாணவரின் எழுத்தில் அடிக்கடி தென்படும் பிழை இது. ‘வா’, அதிர்வொலியுள்ள ‘கா’ என்ற இரண்டு ஒட்டுகளில் எதை எங்கே போடுவது என்பதற்குத் தமிழில் நேரடி இணை கிடையாது. ‘ராமன்தான் வந்தான்’ என்று அழுத்தும் இடத்தில் பெரும்பாலும் ‘கா’ வரும் என்பதோடு நம் உதவி முடிந்துவிடும். மிச்சம் நிறைய வாசித்துத்தான் படியும். வினைமுற்றில் ‘ஏன், ஆய், ஆர்’ போன்ற விகுதிகள் இல்லாததால், யார் செய்தார் என்பதைச் சூழலிலிருந்து ஊகிக்க வேண்டியிருக்கும். ‘தெ வடிவம்’ உண்டாக்கும் ஒலிமாற்றங்களையும் வாய்ப்பயிற்சியாகச் செய்துதான் ஆகவேண்டும். வா என்பது வந்து ஆவதும், போ என்பது போய் ஆவதும் நமக்குக் காரணம் தெரியாமல் வந்தவை அல்லவா, அதைப் போலவே.

ஆகவே தொடக்கநிலை இலக்கணத்துக்கு ஒரே ஒரு பாடநூலை எடுத்து வேகமாக நடப்பதே தமிழருக்கு நல்லது. 1998-இல் வந்த ‘மின்னா நோ நிஹோங்கோ’ இரண்டு பாகங்களில் 50 பாடங்கள் கொண்டது. முதன்மை நூல் முழுக்க ஜப்பானியத்தில், விளக்கம் தனி நூலில். 1999-இல் வந்த ‘கென்கி’ கல்லூரி மாணவரை மனத்தில் வைத்து ஆங்கில விளக்கத்தோடு எழுதப்பட்டது. ஜப்பான் அறக்கட்டளையின் ‘இரொதோரி’ வேலைக்கும் அன்றாட வாழ்வுக்கும் தேவையான பேச்சை மையமாக வைத்தது, இலவசமாகவே பதிவிறக்கலாம். மூன்றும் நம்பகமானவை. எதை எடுத்தாலும் சரி, ஒன்றை முடிக்கும்வரை இன்னொன்றைத் திறக்காதிருப்பது பழக்கமாக வேண்டும். தனியே கற்பவர் நின்றுபோவதற்கு நான் காணும் பெரிய காரணம் கடினம் அன்று. நாலு செயலி, ஆறு யூடியூப் சேனல், மூன்று நூல் என்று சேர்த்துக்கொண்டு எல்லாவற்றிலும் மூன்றாம் பாடத்தோடு நிற்பதுதான்.

ஒலிக்கு வருவோம். இங்கே தமிழருக்கு ஒரு கை நிறையக் கிடைக்கிறது, மறு கையில் பள்ளம் இருக்கிறது. கிடைப்பது குறில் நெடிலும் ஒற்றும். ‘ஒபசான்’ அத்தை, ‘ஒபாசான்’ பாட்டி. ‘கிதெ’ என்றால் வந்து, ‘கித்தெ’ என்றால் அஞ்சல்தலை. ஆங்கிலம் பேசுகிறவர் மாதக்கணக்கில் தடுமாறும் இடம் இது. நமக்குப் பல்லும் பலமும் பாலும் பழக்கம். ஜப்பானியர் சொல்லை மாத்திரை எண்ணி ஒலிக்கிறார்கள் என்பதும் யாப்பு படித்தவருக்கு அன்னியம் அன்று. ஒரு வேறுபாட்டை மட்டும் கவனிக்க வேண்டும். நம் இலக்கணம் மெய்க்கு அரை மாத்திரை தருகிறது. ஜப்பானியத்தில் இரட்டிக்கும் மெய்க்கும், சொல்லில் வரும் ‘ன்’ ஒலிக்கும் ஒரு முழு மாத்திரை. ‘நிப்பொன்’ என்பதில் நி, ப், பொ, ன் என நான்கு. நாம் வழக்கம்போல் ‘ன்’னைச் சுருக்கி முடித்தால் ஜப்பானியர் காதில் சொல் குறைப்பட்டுவிடும்.

பள்ளம் எங்கே என்றால், வல்லினத்தில். தமிழ் எழுத்து ‘க’வுக்கும் அதன் அதிர்வொலிக்கும் ஒரே உரு தருகிறது, த, ட, ப-வுக்கும் அப்படியே. ஜப்பானியத்தில் அந்த அதிர்வு பொருளையே மாற்றும். வானிலைக்கும் மின்சாரத்துக்கும் நாம் எழுதினால் இரண்டும் ‘தென்கி’. முதல் ஒலியில் அதிர்வில்லாதது வானிலை, அதிர்வுள்ளது மின்சாரம். பல்கலைக்கழகத்தைக் குறிக்கும் சொல்லும், படிப்பைப் பாதியில் விட்டு விலகுவதைக் குறிக்கும் சொல்லும் இதே வேறுபாட்டில்தான் பிரிகின்றன. தமிழில் இரண்டையும் ‘தைகாகு’ என்றுதான் எழுத முடியும். நேர்காணலில் ஒருவர் தான் பல்கலைக்கழகத்தில் படித்ததைச் சொல்லப்போய், படிப்பை விட்டதாகச் சொல்லி வைக்கலாம். உயிர்களுக்கு நடுவே வரும் ஒற்றை வல்லினத்தை அதிரவைத்துப் பேசுவது நம் நாக்கின் இயல்பு. ‘ககி’ என்று எழுதிவைத்துப் படித்தால் சாவியும் சீமைப் பனிச்சைப் பழமும் ஒன்றாகிவிடும். அதனால் ஜப்பானியச் சொற்களைத் தமிழ் எழுத்தில் குறித்துவைத்துப் படிக்கும் வழக்கத்தை முதல் பதினைந்து நாளுக்குள் விட்டுவிட வேண்டும். இந்தக் கட்டுரையில் உள்ள சொற்களையும் ஒலிப்பதிவில் கேட்டுச் சரிபார்த்துக்கொள்ளுங்கள்.

சுருதி ஏற்ற இறக்கம் அடுத்தது. தோக்கியோ வழக்கில் ‘அமெ’ என்பதை மேலிருந்து கீழாகச் சொன்னால் மழை, கீழிருந்து மேலாகச் சொன்னால் மிட்டாய். சூழலே பெரும்பாலும் காப்பாற்றிவிடும் என்பதால் தொடக்கத்தில் இதற்காக அஞ்ச வேண்டியதில்லை. ஆனால் புதுச் சொல்லை ஒலியோடு சேர்த்தே கற்பது பழக்கமானால், பின்னால் திருத்தும் வேலை குறையும்.

எழுத்து மூன்று வகை. ஹிரகானாவும் கதகானாவும் அடிப்படையில் தலா 46 உருக்கள். நாளுக்கு அரை மணி நேரம் கையால் எழுதிப் பழகினால் மூன்று வாரத்தில் இரண்டும் வந்துவிடும். ரோமன் எழுத்தை ஊன்றுகோலாக அதற்கு மேல் வைத்துக்கொள்ளக் கூடாது. இதற்கு மேல் விளக்கம் தேவையில்லை.

மூன்றாவது வகையான, சீனத்திலிருந்து வந்த கான்ஜி வேறு கதை. தமிழரின் நேரத்தில் பெரும்பங்கு போக வேண்டிய இடம் இது, நம் தாய்மொழி எந்த உதவியும் செய்யாத இடமும் இதுவே. 2010-இல் திருத்தப்பட்ட பொதுப் பயன்பாட்டுப் பட்டியலில் 2,136 எழுத்துகள். அவற்றில் 1,026-ஐ ஜப்பானியப் பிள்ளைகள் தொடக்கப் பள்ளியின் ஆறு வருடங்களில் கற்கிறார்கள்; முதல் வகுப்பில் 80 மட்டும். எப்படிக் கற்பது என்பதில் இரண்டு பிரிவினர் உண்டு. ஜேம்ஸ் ஹைசிக் என்ற அமெரிக்கர் 1977-இல் வெளியிட்ட முறை, ஒலியைத் தள்ளிவைத்துவிட்டு ஒவ்வொரு எழுத்துக்கும் ஒரு பொருளும் ஒரு கற்பனைக் கதையும் சேர்த்து, வடிவத்தை மட்டும் முதலில் மனத்தில் ஏற்றச் சொல்கிறது. அந்த நூலின் ஆறாம் பதிப்பில் 2,200 எழுத்துகள் இருக்கின்றன. மற்றப் பிரிவினர், எழுத்தைத் தனியே படிக்காதே, சொல்லோடு சேர்த்துப் படி என்கிறார்கள்.

இரண்டையும் எடைபோட்டால், தனியே படித்துத் தேர்வும் எழுத வேண்டிய தமிழருக்கு இரண்டாம் வழியே பொருந்தும் என்பேன். ஹைசிக் முறை வடிவத்தை மறக்கவிடாது, அதில் சந்தேகமில்லை. ஆனால் பல மாதம் உழைத்தபின்னும் ஒரு வாக்கியத்தை வாய்விட்டு வாசிக்க முடியாத நிலை நீடிக்கும். கூட ஆசிரியரோ தோழரோ இல்லாதவர் அந்த வறண்ட மாதங்களைத் தாங்குவது அரிது. அதோடு ஓர் எழுத்துக்கு ஓர் ஒலி என்பது அங்கே கிடையாது. பிறப்பையும் வாழ்வையும் குறிக்கும் ஒரே எழுத்து மாணவர் என்ற ‘கக்குஸெய்’ சொல்லில் ‘ஸெய்’, பிறந்தநாள் என்ற சொல்லில் ‘ஜோ’, வாழ்தலில் ‘இ’, பிறத்தலில் ‘உ’, பச்சை முட்டையில் ‘நமா’. இந்த ஒலிகளைப் பட்டியலாக மனப்பாடம் செய்வது வீண். ஐந்து சொற்களைக் கற்றால் ஐந்து ஒலிகளும் கூடவே வந்துவிடும்.

ஹைசிக்கிடமிருந்து எடுத்துக்கொள்ள வேண்டியது, எழுத்தை உறுப்புகளாகப் பிரித்துப் பார்க்கும் கண். நீல நிறத்தைக் குறிக்கும் எழுத்து ஒன்று உண்டு. அதன் சீனவழி ஒலி ‘ஸெய்’. அதன் இடப்பக்கம் நீரைக் குறிக்கும் மூன்று சிறு கோடுகள் சேர்ந்தால் தெளிவு. சூரியன் சேர்ந்தால் மழைவிட்டு வெளுத்த வானம். பேச்சைக் குறிக்கும் உறுப்பு சேர்ந்தால் வேண்டுகோள். அரிசி சேர்ந்தால் தீட்டிச் சுத்தமாக்கிய சாரம். நான்கின் சீனவழி ஒலியும் ‘ஸெய்’தான். இடப்பக்கம் பொருளைச் சொல்கிறது, வலப்பக்கம் ஒலியைச் சொல்கிறது. கான்ஜிகளில் பெரும்பான்மை இப்படிப் பொருளுறுப்பும் ஒலியுறுப்பும் சேர்ந்து உண்டானவை. இதைக் கவனிக்கத் தொடங்கியவருக்கு 500-ஆவது எழுத்து 50-ஆவதைவிடச் சுலபமாக வரும். எல்லாவற்றையும் கையால் எழுதத் தெரிய வேண்டுமா என்றால், வேண்டியதில்லை. 2010 பட்டியலில் 29 கோடுகள் கொண்ட எழுத்தும் இடம்பெற்றிருக்கிறது. அந்தப் பட்டியலை வகுத்தவர்களே எல்லாவற்றையும் கையால் எழுதத் தேவையில்லை என்று குறித்தார்கள். முதல் 200, 300 எழுத்துகளைக் கோட்டு வரிசைப்படி எழுதிப் பழகினால் கண்ணுக்கு அமைப்பு பிடிபட்டுவிடும். அதன்பின் வாசிப்பில் நேரம் போடுவது லாபம்.

இவ்வளவையும் எப்படி நினைவில் நிறுத்துவது? இதில் அறிவியல் உறுதியான விடை வைத்திருக்கிறது. ஜெர்மானியர் ஹெர்மன் எபிங்ஹாஸ் பொருளற்ற அசைகளைத் தானே மனப்பாடம் செய்து, தன் மறதியைத் தானே அளந்து 1885-இல் நூலாக்கினார். கற்றது முதல் சில மணி நேரத்திலேயே வேகமாகக் கரைகிறது, இடைவெளி விட்டுத் திரும்பப் படித்தால் கரைவது குறைகிறது என்று காட்டினார். 2008-இல் ஜெஃப்ரி கார்ப்பிக்கும் ஹென்றி ரோடிகரும் கல்லூரி மாணவர்களுக்கு 40 சுவாஹிலிச் சொற்களைக் கொடுத்துச் சோதித்தார்கள். ஒருமுறை சரியாகச் சொல்லிவிட்ட சொல்லையும் தொடர்ந்து நினைவிலிருந்து எடுத்துச் சொல்லிப் பார்த்தவர்களுக்கு ஒரு வாரம் கழித்து ஏறக்குறைய 80 சதவீதம் நினைவிருந்தது. அப்படிச் சொல்லிப் பார்ப்பதை நிறுத்திவிட்டு, பார்த்துப் படித்ததோடு சரி என்றிருந்தவர்களுக்கு மூன்றில் ஒரு பங்குதான் மிஞ்சியது. ஜான் டன்லோஸ்கியும் குழுவினரும் 2013-இல் பத்துப் படிப்பு உத்திகளை ஒப்பிட்டு, தன்னைத் தானே சோதிப்பதும் இடைவெளி விட்டுப் படிப்பதும் மட்டுமே உயர் பயன் உள்ளவை என்றார்கள். கோடிடுவதும் திரும்பத் திரும்ப வாசிப்பதும் கடைசி வரிசைக்குப் போயின.

நம் பள்ளிப் பழக்கம் இந்தக் கடைசி வரிசையில்தான் ஊறியிருக்கிறது. வண்ணப் பேனாவால் கோடிட்டு, சொற்பட்டியலை ஐந்துமுறை பார்த்துவிட்டு, “படித்துவிட்டேன்” என்று மூடுகிறோம். பார்க்கும்போது தெரிந்தது போலிருக்கும். பக்கத்தை மூடியதும் வாய்க்கு வராது. பக்கத்தை மூடிய பிறகு நடப்பதுதான் படிப்பு. செபாஸ்டியன் லைட்னர் 1972-இல் சொன்ன அட்டைப்பெட்டி முறைக்கு ஒரு காலணிப் பெட்டியும் கனமான தாளும் போதும். பெட்டியை ஐந்து அறையாகத் தடுக்க வேண்டும். அட்டையின் ஒரு பக்கம் ஜப்பானியம், மறுபக்கம் பொருள். சரியாகச் சொன்ன அட்டை அடுத்த அறைக்குப் போகும்; தவறினால், எந்த அறையிலிருந்தாலும் முதல் அறைக்குத் திரும்பும். முதல் அறையைத் தினமும் பார்க்க வேண்டும், பின்னறைகளை வர வர நீண்ட இடைவெளியில் பார்த்தால் போதும். இதையே கணக்கிட்டுச் செய்துதரும் ‘அங்கி’ என்ற மென்பொருளை டேமியன் எல்ம்ஸ் 2006-இல் வெளியிட்டார். கணினியிலும் ஆண்ட்ராய்டிலும் அது இலவசம்.

அங்கியைப் பலர் பாதியில் விடுவதற்குக் காரணம் ஆரம்ப உற்சாகம். நாளுக்கு முப்பது புதுச் சொல் என்று தொடங்கினால், ஒரு மாதத்துக்குள் திரும்பிப் பார்க்க வேண்டியவை இருநூறைத் தாண்டும். இரண்டு நாள் ஊருக்குப் போய்வந்தால் மலைபோல் நிற்கும். நாளுக்குப் பத்து புதுச் சொல் என்பதே வேலைக்குப் போகிறவருக்கு ஏற்ற அளவு. வருடத்துக்கு அதுவே 3,650 ஆகிறது, குறைவா என்ன? திரும்பிப் பார்ப்பது சேர்ந்துவிட்ட நாட்களில் புதியதை நிறுத்திவிட்டுப் பழையதை மட்டும் முடிக்க வேண்டும். அட்டையில் தனிச்சொல்லைவிட, பாடநூலிலோ வாசிப்பிலோ நீங்களே சந்தித்த ஒரு சிறு வாக்கியம் நல்லது. அதில் புதுச்சொல் ஒன்றுதான் இருக்க வேண்டும். பொருளைத் தமிழில் எழுதுங்கள். ‘கைதெ ஒகு’ என்பதற்கு ஆங்கில விளக்கம் ஒரு வரி போகும்; ‘எழுதி வை’ என்றால் முடிந்தது. அட்டையைப் புரட்டுவதற்கு முன் விடையை வாய்விட்டுச் சொல்வது தவறக் கூடாத விதி. மனத்துக்குள் “தெரியும்” என்று தலையாட்டிவிட்டுப் புரட்டினால் பழைய பழக்கம் பின்கதவால் வந்துவிடும்.

அட்டைகள் மட்டும் மொழி ஆகா. சொற்கள் ஓடிக்கொண்டிருக்கும் பக்கங்கள் வேண்டும். சொல்லறிவு ஆய்வில் பெயர்பெற்ற பால் நேஷனும் அவரோடு உழைத்தவர்களும், உதவியின்றிச் சுகமாகக் கதை வாசிக்க, நூற்றுக்குத் தொண்ணூற்றெட்டுச் சொல்லாவது தெரிந்திருக்க வேண்டும் என்று கண்டார்கள். தொடக்கநிலையில் இருப்பவர் நாவலைத் திறந்தால் இது நடக்காது. அதற்காகவே ஜப்பானில் ‘ததோகு’ என்ற மிகுவாசிப்பு இயக்கத்தார் நிலைவாரியாகச் சிறு கதைநூல்கள் எழுதி வெளியிடுகிறார்கள், பல இணையத்தில் இலவசம். மிக எளியதிலிருந்து தொடங்கு, அகராதி பார்க்காதே, புரியாததைத் தாண்டிப் போ, ஓடவில்லை என்றால் வேறு புத்தகம் எடு என்பவை அவர்களுடைய விதிகள். அகராதி பார்க்காமலா என்று நம் ஆட்கள் பதறுவார்கள். பாடநூலை ஒவ்வொரு சொல்லாக ஆராய்ந்து படியுங்கள், கதையை அகராதியின்றிப் படியுங்கள். இரண்டும் வேறு வேறு வேலை.

கேட்டல்தான் தனியே கற்பவரின் நலிந்த உறுப்பு. கண்ணால் படித்தே பழகியவர் ஜே.எல்.பி.டி.யின் கேட்டல் பகுதியில் திகைத்துப்போகிறார், ஏனென்றால் அங்கே உரையாடல் ஒரே ஒருமுறைதான் ஒலிக்கும். பாடநூலின் ஒலிப்பதிவை முதலில் புத்தகம் இல்லாமல் கேளுங்கள், பிறகு வரிகளைப் பார்த்துக்கொண்டு கேளுங்கள், பிறகு ஒலியோடு ஒரு மூச்சு பின்னால் நீங்களும் சொல்லிக்கொண்டே போங்கள். உரைபெயர்ப்பாளர் பயிற்சியில் நெடுங்காலமாக இருக்கும் முறை இது. வல்லினச் சிக்கலுக்கும் ‘ன்’னின் மாத்திரைக்கும் இதைவிட நல்ல மருந்து எனக்குத் தெரியாது. தன் குரலை மொபைலில் பதிந்து மூலத்தோடு ஒப்பிட்டால், ஆசிரியர் சொல்ல வேண்டியதில் பாதியைத் தானே கண்டுபிடிக்கலாம். அனிமே கேட்பது காதுக்கு நல்லது. அங்கே நாயகன் பேசும் ‘ஒரெ’, ‘ஒமாயெ’ என்ற சொற்களை மட்டும் வாயில் ஏற்றிக்கொள்ள வேண்டாம். மேலாளரை ‘டா’ போட்டு அழைப்பதற்குச் சமம் அது. நீ, நீங்கள் என்று மரியாதை பார்த்துப் பேசும் நமக்கு, பணிவு நடையை முதலில் கற்க வேண்டியதன் நியாயம் விளங்கும்.

பேச்சுக்கும் எழுத்துக்கும் இன்னொருவர் கண் வேண்டும். இதில் மட்டும் முழுத் தனிமை உதவாது. அன்றாடம் மூன்று வாக்கியம் நாட்குறிப்பாக எழுதி, வாரம் ஒருமுறை மொழிப் பரிமாற்றத் தோழரிடமோ ஆசிரியரிடமோ காட்டித் திருத்திக்கொள்வது குறைந்தபட்சம். மொழிபெயர்ப்புச் செயலியை எழுதிய பிறகு திறப்பது உதவி, எழுதுவதற்கு முன் திறப்பது கெடுதல்.

தேர்வைப் பற்றி. 1984-இல் தொடங்கிய ஜே.எல்.பி.டி. 2010 முதல், எளிய என்5 தொடங்கிக் கடினமான என்1 வரை, ஐந்து நிலையாக நடக்கிறது. ஜூலை, டிசம்பர் மாதங்களின் முதல் ஞாயிறு தேர்வு நாள். சென்னையும் ஒரு மையம். என்5-இல் 180-க்கு 80 எடுத்தால் தேர்ச்சி. ஆனால் கேட்டலில் 60-க்கு 19-உம் மற்றப் பகுதியில் 120-க்கு 38-உம் எடுக்காவிட்டால் மொத்தம் எவ்வளவு இருந்தாலும் தோல்விதான். பேச்சும் இல்லை, சொந்தமாக எழுதுவதும் இல்லை. விடைகளிலிருந்து தேர்ந்தெடுத்தால் போதும். தனியே கற்பவருக்கு இந்தத் தேதி ஒரு பிடிமானம் தருகிறது, அதற்காகவே விண்ணப்பம் போடலாம். என்3 சான்றிதழ் கையில் வைத்துக்கொண்டு தொலைபேசியில் ஒரு வரி பேச முடியாத நிலை வரக் கூடாது என்றால், தேர்வுக்கு முந்தைய இரண்டு மாதம் தவிர மற்ற நாட்களில் தேர்வு வழிகாட்டிகளை அலமாரியிலேயே வைத்திருங்கள்.

ஒரு மணி நேரத்தை எப்படிப் பங்கிடலாம் என்று கேட்பவருக்கு என் பரிந்துரை: காலையில் இருபது நிமிடம் அட்டைகள், பயணத்தில் பதினைந்து நிமிடம் ஏற்கெனவே படித்த பாடத்தின் ஒலிப்பதிவு, இரவில் இருபத்தைந்து நிமிடம் புதுப் பாடமும் மூன்று வாக்கியமும். ஞாயிறன்று கதைநூலும் திருத்தமும். முதல் ஆறு மாதம் கான்ஜிக்கும் காதுக்கும் இலக்கணத்தைவிட இரட்டிப்பு நேரம் தாருங்கள். இலக்கணம் தாய்மொழியின் தோளேறி வந்துவிடும்.

இவ்வளவு சாதகம் இருந்தும் தமிழ் வழியில் எழுதப்பட்ட தரமான ஜப்பானியப் பாடப்பொருள் போதிய அளவில் இல்லை. என்.எச்.கே. உலக வானொலி தன் எளிய ஜப்பானியப் பாடங்களை இந்தியிலும் வங்காளத்திலும் உருதுவிலும் தருகிறது, தமிழில் தரவில்லை. என்2, என்1 முடித்துச் சென்னையிலும் கோவையிலும் தோக்கியோவிலும் வேலை பார்க்கும் தமிழர் பலர் இருக்கிறீர்கள். உங்கள் அட்டைகளின் தமிழ்ப் பொருள்களை, வினையெச்சத்திலிருந்து தொடங்கும் இலக்கணக் குறிப்புகளை, தமிழ் நாக்கு தடுக்கும் சொற்களின் பட்டியலை, ஒலிப்பதிவோடு பொதுவில் வையுங்கள். அடுத்துத் தொடங்கப்போகிறவர் ஆங்கிலத்தைச் சுற்றிக்கொண்டு போக வேண்டியிராது.